மறு: ட்ராக், பெல்ட், ஹைஃபாக்ஸ் மூன்றும் 'பட்டை'யா? (பனியூர்திப் பராமரிப்புச் சொற்கள்)

அனைவருக்கும் வணக்கம்.

கனடாவின் ஒன்ராறியோவில் பழைய ஸ்கிடூ (வெண்பனியில் ஓடும் பனியூர்தி) வாங்கிவிட்டு, கடைக்குக் கொண்டுபோனால் கட்டுப்படியாகாது என்று தாங்களே ஸ்பானரைக் கையில் எடுத்திருக்கும் நண்பர்களுக்காகத்தான் ஒரு பராமரிப்புக் குறிப்பைத் தமிழில் எழுதுகிறேன் என்று முன்பே சொல்லியிருந்தேன். பாகங்களுக்கு நீங்கள் பரிந்துரைத்து அனுப்பிய சொற்களை எல்லாம் அதில் பொருத்திப் பார்த்தேன். பட்டியலில் பார்க்கும்போது அழகாக இருந்த சில சொற்கள், வாக்கியத்துக்குள் போனதும் தகராறு செய்கின்றன.

> ட்ராக் – பட்டை. டிரைவ் பெல்ட் – இயக்குபட்டை. ஹைஃபாக்ஸ் – வழுக்குப்பட்டை. மூன்றும் ஒரே குடும்பமாக இருந்தால் கற்பவருக்கு எளிது.

ஒரே குடும்பமாக இருப்பதுதான் சிக்கல், ஐயா. குளிர்காலம் முடிந்து வண்டியை மூடி வைக்கும்போது செய்ய வேண்டியதை எழுதுகிறேன், பாருங்கள்: "பட்டையைத் தளர்த்தி விடவும். பட்டையைக் கழற்றி உலர்ந்த இடத்தில் வைக்கவும். பட்டை தேய்ந்திருந்தால் மாற்றவும்." மூன்றும் மூன்று வேறு பொருள்கள். முதலாவது, வண்டிக்கு அடியில் சுற்றும் பெரிய ரப்பர் ட்ராக். பின் அச்சின் போல்ட்டைத் திருகித் தளர்த்தினால் போதும். இரண்டாவது, எஞ்சினுக்குப் பக்கத்தில் இருக்கும் பெல்ட். அதைக் கழற்றி வைத்தால் மாதக்கணக்கில் ஒரே வளைவில் கிடந்து விறைக்காது, அது தொடும் உலோகப் பரப்பில் ஈரம் தங்கித் துருவும் பிடிக்காது. மூன்றாவது, ட்ராக் வழுக்கி ஓடும் பிளாஸ்டிக். இந்த வாக்கியத்தை நம்பி ஒருவர் ட்ராக்கையே கழற்றத் தொடங்கினால் சஸ்பென்ஷனை இறக்கி, செயின் பெட்டியைத் திறந்து, அச்சை உருவி எடுக்க வேண்டும். ஒரு சனிக்கிழமை அதோடு போய்விடும்.

"முன்னொட்டு இருக்கிறதே, இயக்கு, வழுக்கு என்று" எனச் சிலர் சொல்லியிருந்தீர்கள். பேச்சில் முதலில் உதிர்வது முன்னொட்டுதான். கராஜில் குளிரில் நிற்பவர் "அந்தப் பட்டையை எடு" என்பார், "இயக்குபட்டையை எடு" என்று சொல்லமாட்டார். அதனால் வேர்ச்சொல்லே வேறாக இருக்க வேண்டும். ஒரு சொல் தேறுமா தேறாதா என்பதை ஒரு வேலைக்குறிப்பு வாக்கியத்தில் போட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்பது என் கட்சி.

வண்டியைப் பார்த்திராதவர்களுக்காக: எஞ்சின் ஒரு கப்பியைச் சுற்றுகிறது. அதிலிருந்து பெல்ட் வழியாக இன்னொரு கப்பிக்குச் சுழற்சி போகிறது. அங்கிருந்து ஒரு தண்டு, தண்டின் மறுமுனையில் எண்ணெய் நிரம்பிய பெட்டிக்குள் ஒரு செயின், செயினுக்குக் கீழே பல்சக்கரங்கள் கொண்ட அச்சு, அந்தப் பல்லில் மாட்டிச் சுற்றுவது ட்ராக். ஆக, ஒரே வண்டிக்குள் சுற்றி வருபவை மூன்று: பெல்ட், செயின், ட்ராக். மூன்றுக்கும் மூன்று பெயர் வேண்டும், ஒன்றின் பெயரை மற்றதற்குக் கடன் கொடுக்கக்கூடாது.

> ட்ராக்குக்குச் சங்கிலி என்றே சொல்லலாம். எங்கள் பக்கம் அறுவடை மிஷினில் 'செயின் வண்டி', 'டயர் வண்டி' என்றுதான் பிரிக்கிறோம். ஈர வயலுக்குச் செயின் வண்டி.

மன்னார்குடி அண்ணா சொன்ன இந்தத் தகவல் எனக்குப் பெரிய உதவி. ட்ராக் என்ற பொருள் தமிழனுக்குப் புதிதல்ல, சேற்றில் புதையாமல் இருக்க எடையைப் பரப்பிக் கொடுக்கும் அதே வேலையைத்தான் இங்கே வெண்பனியில் செய்கிறது என்று ஒரே வரியில் விளக்கிவிடலாம். ஆனால் 'செயின்' என்ற சொல்லை எடுக்க முடியவில்லை. உள்ளே நிஜமாகவே ஒரு செயின் இருக்கிறது, அதற்கும் இறுக்கம் பார்க்க வேண்டும், எண்ணெய் மாற்ற வேண்டும். இன்னொன்று, இன்றைய ட்ராக்கில் கண்ணி என்று எதுவும் இல்லை. கியூபெக்கின் வால்கூர் ஊரில் ஜோசஃப்-அர்மான் பொம்பார்டியே 1937-இல் பல்சக்கரமும் ட்ராக்கும் கொண்ட அமைப்புக்குக் காப்புரிமை வாங்கி, ஏழு பேர் உட்காரும் பி7 வண்டியைக் கட்டியபோது, ரப்பர் வார்களைக் குறுக்கு இரும்புகளால் இணைத்திருந்தார். அதைக்கூடச் சங்கிலி என்று ஒப்புக்கொள்ளலாம். 1959-இல் ஸ்கிடூ வந்தபோது ட்ராக் அகலமான ஒரே ரப்பர் வளையமாகிவிட்டது. இப்போது உள்ளிருப்பது துணி இழையும் குறுக்குக் கண்ணாடியிழைக் கம்பிகளும்தான்.

'தடம்' என்பதையும் பலர் சொன்னீர்கள். காட்டுக்குள் வண்டிகள் போவதற்காகச் சமன்படுத்திய பாதையைத் தடம் என்றுதான் எழுதியிருக்கிறேன், அதை மாற்ற மனமில்லை. "தடத்தில் போகும்போது தடம் கிழிந்தால்" என்று எழுதினால் வாசகர் என்னைக் கிழிப்பார்.

ஆக நான் தேர்ந்தெடுப்பது 'ஊர்பட்டை'. பட்டை என்ற சொல் இந்த ஒரு பொருளுக்கு மட்டும். முன்னொட்டு உதிர்ந்து வெறும் 'பட்டை' ஆனாலும் குழப்பம் வராது. ஊர்தல் என்றால் ஊர்ந்து போவதும் உண்டு, ஏறிச் செலுத்துவதும் உண்டு. இரண்டுமே இதற்குப் பொருந்துகின்றன, பனியூர்தி என்ற பெயரோடும் ஒட்டிக்கொள்கிறது. "ஊர்ப்பட்ட வேலை" நினைவுக்கு வரும் என்று ஒருவர் கிண்டல் செய்திருந்தார். ஊர்பட்டையை ஒருமுறை மாற்றிப் பார்த்தால் அந்தப் பொருத்தமும் புரியும்.

> 'பெல்ட்' என்றே விட்டுவிடுவதானால் கலைச்சொல் பட்டியல் எதற்கு?

மாவு மில்லிலிருந்து வீட்டு ஸ்கூட்டர் வரை பெல்ட் என்ற சொல் தமிழில் ஓடிக்கொண்டிருக்கிறது. பனியூர்தியின் பெல்ட் ஸ்கூட்டருக்குள் இருக்கும் அதே இனம், அகலமும் முரட்டுத்தனமும் கூடுதல், அவ்வளவுதான். யாழ்ப்பாணத்து அம்மா சொன்ன 'வார்' எனக்குப் பிடித்திருக்கிறது, செருப்பு வார் எல்லோருக்கும் தெரியும். அகராதிப் பகுதியில் அதை வைக்கிறேன். குறிப்புக்குள் பெல்ட்தான். நடுக்காட்டில் பெல்ட் அறுந்து நிற்பவர், இருக்கைக்கு அடியில் உதிரி பெல்ட் இருக்கிறதா என்று ஒரு நொடியில் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும்.

இனி, சொற்கள் வேலைக்கு ஆகுமா என்று பார்க்க, ஒரு பத்தியை அப்படியே தருகிறேன்:

"வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கி, அசையாத தாங்கியில் நிறுத்தவும். ஊர்பட்டையின் கீழ்ப்பகுதி நடுவில் எடையைத் தொங்கவிட்டு எவ்வளவு தொய்கிறது என்று அளக்கவும். சில கம்பெனிகள் 10 பவுண்டு எடை சொல்கின்றன, சில 16 பவுண்டு. தொய்வின் அளவும் மாடலுக்கு மாடல் மாறும், உங்கள் வண்டியின் கையேட்டைப் பார்க்கவும். அதிகம் இறுக்கினால் சக்தி வீணாகும், தேய்கட்டை சீக்கிரம் போகும். அதிகம் தளர்ந்தால், வேகம் எடுக்கும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் ஊர்பட்டை பல் தாண்டும், தடதடவென்று சத்தம் கேட்கும். இறுக்கம் சரியானதும் எஞ்சினை ஓடவிட்டு ஊர்பட்டையை மெதுவாகச் சுற்றவிட்டு, அது நடுவில் ஓடுகிறதா, ஒரு பக்கம் ஒதுங்குகிறதா என்று பார்த்து, எஞ்சினை நிறுத்திவிட்டுப் பின் போல்ட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பவும். சுற்றும்போது பின்னால் ஆள் நிற்கவே கூடாது. கல்லும் ஐஸும் தோட்டாவாக வரும்."

இதில் வரும் 'தேய்கட்டை' ஹைஃபாக்ஸுக்கு நான் வைத்தது. சைக்கிள் கடையில் பிரேக் கட்டை என்கிறோம், தேய்வதற்கென்றே வைக்கப்பட்ட பொருள். இதுவும் அப்படித்தான், உலோகச் சட்டத்தின் அடியில் செருகியிருக்கும் நீளமான பிளாஸ்டிக். 'பல் தாண்டுதல்' சைக்கிள் செயினிலிருந்து வந்தது, அதற்குப் புதுச்சொல் தேடுவது வீண் வேலை.

அந்தத் தேய்கட்டைக்குத் தண்ணீர் ஊற்றுவதுபோல் குளிர்ச்சியும் வழுக்கலும் கொடுப்பது ஊர்பட்டை வாரியிறைக்கும் வெண்பனிதான். திரவக் குளிர்விப்பு எஞ்சினாக இருந்தால், மேலே கவிழ்ந்திருக்கும் அலுமினியக் கூட்டிலுள்ள வெப்பமாற்றியும் அதே பனியை நம்பித்தான் இருக்கிறது. உறைந்த ஏரியின் வெறும் ஐஸில் ஓடினால் பனித்தூள் கிடைக்காது, சூட்டு விளக்கு எரியும். அதற்காக ஸ்பிரிங் கம்பி ஒன்றை ஐஸைக் கீறிக்கொண்டு வரும்படி மாட்டுவார்கள். வீட்டிலேயே செய்துகொள்ளக்கூடிய மிக மலிவான மேம்பாடு இது. 'பனிக்கீறி' என்று வந்த பரிந்துரையைச் சத்தமாகப் படித்தால் கீரிப்பிள்ளை எட்டிப்பார்க்கிறது. 'கீறுகம்பி' என்று வைத்துக்கொள்ளலாம்.

இதை எழுதும்போது 'பனி' ஒன்றே போதாது என்பதும் தெரிந்தது. நமக்குப் பனி என்றால் மார்கழிக் காலைப் புகைமூட்டமும்தான். விழுந்து மென்மையாகக் கிடப்பதை வெண்பனி என்றும், உறைந்து கெட்டியானதை ஐஸ் என்றும் எழுதுகிறேன். வண்டியின் பெயரில் மட்டும் பனி இருக்கட்டும்.

ஊர்பட்டையின் மேல் நிற்கும் ரப்பர் முகடுகளுக்கு 'பல்' என்று வந்தது. பல், பல்சக்கரத்துக்குப் போய்விட்டது. டிராக்டர் டயரில் 'பட்டன்' என்பார்கள், அதுவும் மோசமில்லை. எனக்குத் 'துடுப்பு' சரியாகப் படுகிறது, ஆழமான வெண்பனியில் அது செய்வது துடுப்பு வேலையேதான். சமன்படுத்திய தடத்தில் ஓட்டுபவருக்கு 1 முதல் 1.25 அங்குலத் துடுப்பு போதும். மலையில் இடுப்பளவு வெண்பனியில் ஏறுபவர்கள் 2.5, 3 அங்குலம் வரை போகிறார்கள். படத்தில் பார்த்து ஆசைப்பட்டு 3 அங்குலத் துடுப்பை வாங்கி இறுகிய தடத்தில் வேகமாக ஓட்டினால், சூடேறித் துண்டு துண்டாகப் பிய்ந்துவிடும். இந்த எச்சரிக்கை குறிப்பில் தடித்த எழுத்தில் வருகிறது.

ஐஸில் பிடிப்புக்காக ஊர்பட்டையில் பொருத்துவது 'ஆணி'. முன்னால் இருக்கும் சறுக்குக் கட்டைகளின் அடியில் டங்ஸ்டன் கார்பைடு பதித்த கம்பி ஒன்று இருக்கும், திருப்பத்தில் வண்டி நேராக வழுக்கிப் போகாமல் பிடிப்பது அதுதான். அதற்கு 'லாடம்' என்று வந்த யோசனைக்கு என் இரண்டு கையும் உயரும். ஆணியைக் கூட்டிவிட்டு லாடத்தை மாற்றாமல் விட்டால், பின்பக்கம் தள்ள முன்பக்கம் திரும்பாது. இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

> கிளட்ச்சுக்கு 'விடுபற்றி' வைக்கலாமே?

காரின் கிளட்ச்சுக்கு வைத்துக்கொள்ளலாம். பனியூர்திக்காரர்கள் கிளட்ச் என்று சொல்வது இரண்டு கூம்புத் தட்டுகள் எதிரெதிரே நெருங்கி விலகும் கப்பி. எஞ்சின் மெதுவாக ஓடும்போது தட்டுகள் விலகியிருக்கும், பெல்ட் சும்மா கிடக்கும். வேகம் கூடினால் உள்ளிருக்கும் எடைகள் வெளியே வீசி, தட்டுகளை நெருக்கி, பெல்ட்டைக் கவ்வும். மேலும் நெருங்க நெருங்கப் பெல்ட் விளிம்பை நோக்கி ஏறும், கியர் மாறுவதும் அதுவே. கிணற்றடியில் இருந்த 'கப்பி' என்ற சொல்லை இங்கே கொண்டுவருவதில் எனக்குத் தயக்கமில்லை. ஆனால் 'இயக்கு கப்பி', 'இயங்கு கப்பி' என்ற ஜோடி வேண்டாம். கிரீஸ் கையோடு படிப்பவருக்கு அந்த ஓர் எழுத்து வித்தியாசம் கண்ணில் படாது. 'எஞ்சின் கப்பி', 'செயின் பக்கக் கப்பி' என்று இடத்தைச் சொல்லிவிட்டால் தொல்லை விட்டது.

அந்த எடைகளுக்கு 'வீசுகுண்டு' என்று வந்தது. பொட்டலத்தின் மேல் அப்படி எழுதி விமான நிலையம் பக்கம் போக முடியாது. 'வீச்செடை' போதும். பெயரைவிட அது ஏன் மாற்றப்படுகிறது என்பதுதான் முக்கியம். 300 மீட்டர் உயரம் ஏறினால் எஞ்சின் சக்தியில் சுமார் 3 சதவீதம் குறையும். ஒன்ராறியோ வண்டியை டிரெய்லரில் ஏற்றி பிரிட்டிஷ் கொலம்பியாவின் ரெவெல்ஸ்டோக் பக்கம் கொண்டுபோய் 2,000 மீட்டரில் ஓட்டினால், டர்போ இல்லாத எஞ்சின் ஐந்தில் ஒரு பங்கை இழந்திருக்கும். பழைய வீச்செடையோடு அது தன் முழுச் சுழற்சி வேகத்தைத் தொடாமல் திணறும். இலகுவான வீச்செடை மாட்டினால் மூச்சு விடும். ஆயிரக்கணக்கில் செலவழித்துப் பைப்பும் சைலன்சரும் மாற்றுவதற்கு முன்னால் கப்பியைச் சரிசெய்வதுதான் புத்திசாலித்தனம். சைலன்சர் பற்றி ஒரு வார்த்தை: தடங்கள் பலவும் தனியார் நிலத்தின் வழியே, உரிமையாளரின் தயவில் போகின்றன. சத்தம் போட்டால் தடத்தையே மூடிவிடுவார்கள்.

கார்புரேட்டருக்குப் புதுச்சொல் எதுவும் தேவைப்படவில்லை. கடுங்குளிரில் காற்று அடர்ந்துவிடும், அதே ஜெட்டோடு (பெட்ரோல் வரும் சிறு துளை) ஓட்டினால் கலவை மெலிந்து பிஸ்டன் பிடித்துக்கொள்ளும், பெரிய ஜெட் போடவும். 'மெலிவு', 'செறிவு' என்று எழுதினேன், படித்த நண்பருக்கு உடனே புரிந்தது. கோடையில் காற்றுப்பெட்டிக்குள் எலி கூடு கட்டாமல் துளைகளை அடைப்பது பற்றியும் எழுதியிருக்கிறேன். எலிக்கு நம்மிடம் சொல் இருக்கிறது.

மறுப்பு இருந்தால் வாக்கியத்தோடு அனுப்புங்கள். வெறும் சொல்லாக வேண்டாம்.

---

> ஊர்பட்டை சரிதான், தம்பி. ஆனால் உங்கள் இணைப்புக் கோப்பில் இரண்டு இடத்தில் 'ஊர்ப்பட்டை' என்று ஒற்றுப் போட்டிருக்கிறது. இது வினைத்தொகை, வல்லினம் மிகாது. ஒற்றுப் போட்டால் ஊரின் பட்டை ஆகிவிடும். பெல்ட் பற்றி: புதுப் பெல்ட்டைச் சோப்புத் தண்ணீரில் கழுவச் சொல்கிறீர்களே, ரப்பருக்குக் கெடுதல் இல்லையா?

நன்றி அம்மா, ஒற்றை எடுத்துவிட்டேன். தேய்கட்டையும் அதே கணக்கு என்பதால் அதையும் சரிபார்த்தேன்.

கழுவுவது கெடுதல் இல்லை. தயாரிக்கும்போது வார்ப்பச்சிலிருந்து எடுக்கையில் ஒட்டாமல் இருக்கத் தடவிய பூச்சு புதுப் பெல்ட்டில் மிச்சம் இருக்கும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாக உலரவிட்டு மாட்டினால் கப்பியில் வழுக்காது. பெட்ரோலில் துடைப்பதுதான் கூடாது. முதலில் கொஞ்ச தூரம் ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்தாமல் பழக்க வேண்டும். பழைய பெல்ட்டைத் திரும்ப மாட்டுவதானால், முன்பு எந்தத் திசையில் ஓடியதோ அதே திசையில்.

சஸ்பென்ஷன் சொற்களைத் தனி இழையாகத் தொடங்குகிறேன். ஷாக்குக்கு 'அதிர்வேற்பி' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அதை வைத்து எழுதிய பத்தியையும் அதிலேயே போடுகிறேன், படித்துப் பார்த்துச் சொல்லுங்கள்.