பகலில் வோல்ட் இறங்குகிறது, இரவில் ஏறுகிறது: பாசி எரிபொருள் கலத்தில் என்ன கோளாறு?

பசும்பாசி:
வணக்கம். இறுதியாண்டு புராஜெக்டுக்காக விடுதி மெஸ் கழிவுநீரில் நுண்ணுயிர் எரிபொருள் கலம் செய்திருக்கிறேன், அதாவது அழுக்கைத் தின்னும் பாக்டீரியா விடும் எலக்ட்ரானிலிருந்து மின்சாரம் எடுக்கும் கலம். இரண்டு கண்ணாடி பாட்டில்கள், நடுவில் அயனிகள் கடந்துபோக அகரும் பொட்டாசியம் குளோரைடும் போட்ட உப்புப் பாலம். எலக்ட்ரான் கிளம்பும் ஆனோடு பாட்டிலில் கழிவுநீரும் செப்டிக் டேங்க் சேறும், மூடி இறுக்கமாக. எலக்ட்ரான் போய்ச் சேரும் கேத்தோடு பாட்டிலில் குளோரெல்லா என்ற பச்சைப் பாசி. இரண்டிலும் மின்முனையாகக் கார்பன் ஃபெல்ட்.

வெளிச்சத்தில் பாசி ஆக்சிஜன் விடும், கேத்தோடில் எலக்ட்ரானை அது வாங்கிக்கொள்ளும், அதனால் பகலில் வோல்ட் கூடும் என்றுதான் படித்தேன். இங்கே தலைகீழ். இரவில் 0.6 வோல்ட், வெயில் ஏறினால் 0.4. போதாக்குறைக்கு, 1000 ஓம் ரெசிஸ்டர் மாட்டினால் இரவிலும் 0.05 வோல்ட்டுக்கு விழுந்துவிடுகிறது. கைடு எல்இடி எரிய வைத்துக் காட்டச் சொல்கிறார். ரிவ்யூ நெருங்குகிறது, யாராவது சொல்லுங்களேன்.

கம்பிக்காரன்:
தம்பி, இரண்டாவது சிக்கல் கணக்கிலேயே தெரிகிறது. 1000 ஓமில் 0.05 வோல்ட் என்றால் ஓடுவது 0.05 மில்லி ஆம்பியர். மீதி 0.55 வோல்ட் கலத்துக்குள்ளேயே போகிறது, அதாவது உள்மின்தடை சுமார் 11,000 ஓம். உப்புப் பாலத்தின் மேல்தான் என் சந்தேகம். குழாய் நீளமாகவும் ஒடுக்கமாகவும் இருந்தால் அயனிகள் நகர்ந்து சேர்வதற்குள் விடிந்துவிடும். அதை எடுத்துவிட்டு, மெருகு பூசாத சுட்ட மண் குடுவையை ஆனோடு அறையாக வைத்துப் பாருங்கள். அயனிகளைக் கடத்தும் விலை கூடிய நாஃபியான் சவ்வுக்குப் பதிலாக மண் கலத்தை ஐஐடி கரக்பூரிலேயே ஆராய்ந்திருக்கிறார்கள்.

எல்இடி ஆசையை விடுங்கள். கிடைப்பது 2.5 மைக்ரோவாட். சிவப்பு எல்இடிக்கே 1.8 வோல்ட் அளவுக்கு வேண்டும். நாலைந்து கலங்களைத் தொடராகக் கோத்தால், நோஞ்சான் ஒன்று துருவம் மாறி மொத்தத்தையும் கெடுக்கும்.

சேற்றுவாசி:
பகல் சிக்கலுக்கு ஒரு கேள்வி. ஆனோடு பாட்டிலும் வெளிச்சத்தில்தான் நிற்கிறதா? உள்ளே பச்சை தெரிகிறதா?

பசும்பாசி:
ஆமாம் அண்ணா, இரண்டுமே ஜன்னலோரம். ஜன்னல் பக்கக் கண்ணாடியில் மெல்லிய பச்சைப் படலம், ஃபெல்ட் ஓரத்தில் குட்டிக் குட்டிக் குமிழ்கள்.

சேற்றுவாசி:
அதுதான் விஷயம். கழிவுநீரோடு பாசி உள்ளே வந்து, தப்பான பக்கத்தில் ஆக்சிஜன் விடுகிறது. ஆக்சிஜன் கிடைத்தால் சேற்றிலுள்ள மற்ற பாக்டீரியாக்கள் அழுக்கை அதை வைத்தே முடித்துவிடும், எலக்ட்ரான் கம்பிக்கு வராது. மின்முனைக்கு எலக்ட்ரான் தரும் ஜியோபாக்டர் பாக்டீரியாவுக்கோ ஆக்சிஜனே ஒத்துக்கொள்ளாது. ஆனோடு பாட்டிலுக்கு மட்டும் அலுமினியத் தாள் சுற்றுங்கள். கூடவே பாலத்தையும் மாற்றிவிடாதீர்கள், எதனால் சரியானது என்று தெரியாமல் போய்விடும்.

பசும்பாசி:
சுற்றியாயிற்று! இப்போது பகலில் 0.66, இரவில் 0.6. இரவு இறக்கத்துக்கு விளக்கு போட்டு வைக்கலாமா?

கம்பிக்காரன்:
வேண்டாம். இருட்டில் பாசியும் ஆக்சிஜனைச் சுவாசிக்கும், அதனால் இறக்கம் இயல்புதான். விளக்குக்கு ஆகும் கரண்டில் லட்சத்தில் ஒரு பங்கைக்கூட இந்தக் கலம் திருப்பித் தராது.

ரிவ்யூவில் சுத்திகரிப்பைக் காட்டுங்கள். காற்றூட்டும் பம்பு இல்லாமல் சிஓடி (நீரிலுள்ள அழுக்கை, அதை ஆக்சிஜனேற்றத் தேவைப்படும் ஆக்சிஜனாகச் சொல்லும் அளவு) எவ்வளவு குறைந்தது, கேத்தோடு பக்கம் பாசி எவ்வளவு நைட்ரஜனும் பாஸ்பரஸும் எடுத்தது என்பதுதான் இதன் பலம். கேத்தோடு நீரை வடிகட்டிய பிறகு சிஓடி பாருங்கள், இல்லாவிட்டால் பாசிச் செல்களும் அழுக்குக் கணக்கில் ஏறிவிடும். மண் குடுவையை ஓர் இரவு தண்ணீரில் ஊறப்போட்டு மாட்டுங்கள், காய்ந்த மண்ணில் அயனி நகராது.