புதுப்பிப்பு: காம்ப்ளக்ஸ் வாக்கியத்தை சிம்பிள் ஆக்குவது, மகளுக்குப் பிடிபட்டுவிட்டது

போன மாதம் கேட்டிருந்தேன்: பத்தாவது படிக்கும் மகள், ஆங்கில இலக்கணத்தில் காம்ப்ளக்ஸ் வாக்கியத்தை (முதன்மை வாக்கியத்தோடு அதைச் சார்ந்த துணை வாக்கியமும் உள்ளது) சிம்பிளாக (துணை வாக்கியம் இல்லாத ஒற்றை வாக்கியமாக) மாற்றச் சொன்னால் ‘ஆல்தோ’வை எடுத்துவிட்டு ‘பட்’ போடுகிறாள், அது காம்பவுண்ட் (தனித்து நிற்கக்கூடிய இரண்டு வாக்கியங்களின் இணைப்பு) ஆகிவிடுகிறது என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது திருவையாற்று அண்ணன் சொன்ன வழி: “முற்றுவினை ஒன்றுதான் மிஞ்சணும்.” முற்றுவினை என்றால் எழுவாயோடு சேர்ந்து காலம் காட்டி நிற்கும் வினை (ஃபைனைட் வெர்ப்). எந்த இணைப்புச் சொல்லுக்கு எதைப் போடுவது என்ற பட்டியலை மனப்பாடம் செய்வதை நிறுத்தினோம். ‘ஆல்தோ இட் ரெயின்ட் ஹெவிலி, வீ பிளான்டட் த பேடி’ என்று எழுதி, ‘ரெயின்ட்’, ‘பிளான்டட்’ இரண்டையும் வட்டமிடச் சொன்னேன். முதல் வினையைப் பெயராக்கினாள்: ‘இன் ஸ்பைட் ஆஃப் த ஹெவி ரெயின்’. ‘ஹெவிலி’ இங்கே ‘ஹெவி’ ஆகும் என்பதை அவளே பிடித்தாள். ‘கனமழை பெய்தும் நட்டோம்’ என்று நாம் சொல்வதும் இதே வேலைதானே!

எதிர்பாராதது இரண்டு. ‘ஸோ டயர்ட் தட் ஹி குட் நாட் வாக்’ என்பது ‘டூ டயர்ட் டு வாக்’ ஆகும்போது ‘நாட்’ போய்விடும். இவள் விடாமல் வைத்திருந்தாள். அப்புறம், இரண்டு வினைகளுக்கும் எழுவாய் வேறானால், முதல் வினையோடு வெறும் ‘இங்’ சேர்த்து ஆரம்பிக்கக் கூடாது. ‘ஆஃப்டர் தே ஓப்பன்ட் மேட்டூர் டேம், த வாட்டர் ரீச்ட் கல்லணை’ என்பதை ‘ஓப்பனிங் மேட்டூர் டேம், த வாட்டர்...’ என்று ஆரம்பித்தாள். தண்ணீரே போய் அணையைத் திறந்த மாதிரி! ‘ஆஃப்டர் தி ஓப்பனிங் ஆஃப் மேட்டூர் டேம்’ என்றதும் சரியாகிவிட்டது.