பூர்ணம் விஸ்வநாதனை மேடையில் பார்த்தவர்கள் உண்டா?

திண்ணைவாசி:

நாடகத்திலும் சினிமாவிலும் நடித்த பூர்ணம் யார் என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு ஒரு ராத்திரி இன்னும் மனசை அரித்துக்கொண்டிருக்கிறது, அதற்காகத்தான் இந்த இழை.

‘ஊஞ்சல்’ நாடகம். மயிலாப்பூரில் ஒரு சபா. யாரோ கொடுத்த ஓசி பாஸ். சுஜாதா எழுதியது என்பதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது. அப்பாவுக்கு அப்போது வேலை போய் ஒன்றரை வருஷம். தினமும் காலையில் ஆபீஸ் போகிற மாதிரியே சட்டையை இன் பண்ணிக்கொண்டு பேப்பர் படிப்பார். நாடகத்தில் பூர்ணமும் அப்படி ஓர் அப்பா: பழைய என்ஜினீயர், பழைய பெருமை, சம்பாதிக்கிற மகள். தெரிந்திருந்தால் கூட்டிக்கொண்டு போயிருக்க மாட்டேன்.

முதலில் என் அப்பா எல்லோரோடும் சேர்ந்து சிரித்தார். ஒரு கட்டத்தில் கூட்டம் சிரிக்கிறது, இவர் சிரிக்கவில்லை. இருட்டில் கை மட்டும் அசைந்தது. இன் பண்ணியிருந்த சட்டையை மெதுவாக வெளியே இழுத்துவிட்டுக்கொண்டார். நான் பார்த்தது அவருக்குத் தெரியாது. பஸ்ஸில் பேச்சே இல்லை. இறங்கியதும், “நன்னா பண்றார்” என்றார். மறுநாள் காலை மறுபடி இன் பண்ணிக்கொண்டுதான் உட்கார்ந்தார்.

கடைசி வரிசை:

நான் பார்த்தது ‘கடவுள் வந்திருந்தார்’. ரிட்டையரான சீனிவாசன், எதிர்காலத்திலிருந்து வந்த ஜோ, வீட்டில் மற்றவர்கள் கண்ணுக்கு ஜோ தெரியாது, கதை உங்களுக்கே தெரியும். எனக்கு நினைவில் நிற்பது கதை இல்லை, பூர்ணத்தின் குரல். என் பெயரைப் பார்த்தாலே நான் எங்கே உட்கார்ந்திருந்தேன் என்று புரியும். மற்றவர்கள் கத்தியது பாதிதான் காதில் விழுந்தது. இவர் பெண்டாட்டியிடம் முணுமுணுத்தது முழுசாக விழுந்தது. எப்படி என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

இப்படிப்பட்ட மனிதரைச் சினிமா என்ன செய்தது? தாத்தா, மாமனார், பெண்ணைப் பெற்றவர். ஈஸி சேரில் உட்கார வைத்துவிட்டார்கள். வருத்தமாக இருக்கிறது.

வெற்றிலைப்பெட்டி:

கடைசி வரிசை அண்ணே, கோபம் வேண்டாம், ஆனால் ஒப்புக்கொள்ள முடியாது. ‘வருஷம் 16’ தாத்தாவை ஈஸி சேர் தாத்தா என்று எப்படிச் சொல்கிறீர்கள்? அந்தக் கூட்டுக் குடும்பம் மொத்தமும் அவர் முகத்தைப் பார்த்துத்தான் நடக்கும். ‘மகாநதி’ பஞ்சாபகேசன் எந்த ஈஸி சேரில் உட்கார்ந்தார்? ஜெயில் தரையில் உட்கார்ந்தார். கமல் உடைந்துபோகும் இடத்திலெல்லாம் பக்கத்தில் நிதானமாக ஒரு கிழவர் வேண்டும். அழுது நடிப்பதைவிட அது கஷ்டம். மேடையில் கடைசி வரிசைவரை குரலை அனுப்பியவர், கேமரா முன்னால் அதே குரலைப் பக்கத்தில் இருக்கிறவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சுருக்கத் தெரிந்தவர். மேடையிலிருந்து வந்த பல பேருக்குக் கடைசிவரை அது கைவரவில்லை. யார் யார் என்று சொன்னால் இழை சண்டையாகிவிடும், விடுங்கள்.

என் அனுபவம் சின்னது. 1994 பொங்கலுக்கு ‘மகாநதி’க்குத் தாத்தாவோடு போனேன். தாத்தாவுக்கு அப்போது கண் சரியாகத் தெரியாது. பூர்ணம் வாயைத் திறந்ததும் என் கையைப் பிடித்தார். “இவன் டெல்லி ஆகாசவாணிடா. சுதந்திரம் வந்ததை இவன்தான் எனக்குச் சொன்னான்” என்றார். தியேட்டரில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

கடைசி வரிசை:

1947 ஆகஸ்ட் 15 அன்று டெல்லியிலிருந்து தமிழில் செய்தி வாசித்தவர் அவர்தான், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் ஆகாசவாணி என்ற பெயர் பிற்பாடு வந்தது. அன்றைக்கு ஆல் இந்தியா ரேடியோ.

வெற்றிலைப்பெட்டி:

தாத்தா போய் இருபது வருஷம் ஆகிறது. திருத்தத்தை எந்த விலாசத்துக்கு அனுப்ப?

நாடோடி72:

நானும் ‘கடவுள் வந்திருந்தார்’தான். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. மாமா ஒரு டேப் ரெக்கார்டரை மஞ்சள் பையில் போட்டு, மேலே துண்டைப் பரப்பி உள்ளே கொண்டுவந்துவிட்டார். செய்யக்கூடாத காரியம், தெரியும். பையை என் மடியில் வைத்தார். ஓர் இடத்தில் பூர்ணம் என்னவோ சொல்ல, நான் விழுந்து விழுந்து சிரித்தேன். கேசட்டில் அவர் அடுத்துச் சொன்னது என் சிரிப்புக்கு அடியில் போய்விட்டது. சபாவே வெடித்துச் சிரிக்கிறது, எதற்கு என்று தெரியவில்லை. அந்த வசனம் என்ன என்று யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா?

ஸ்பூல் மணி:

நான் அவரை நேரில் பார்த்ததில்லை. டிவியில் ‘ஆசை’ பார்த்ததோடு சரி. ஆனால் நாடோடி72, அந்தக் கேசட்டை அப்படியே பிளேயரில் போட்டுவிடாதீர்கள். பழைய டேப் சுற்றோடு சுற்று ஒட்டிக்கொண்டிருக்கும். முதலில் பென்சிலை விட்டுக் கையால் கொஞ்சம் சுற்றிப் பாருங்கள். தாராளமாகச் சுழன்றால் கடைசிவரை ஒருமுறை ஓட்டி, திரும்பச் சுற்றிவிட்டு அப்புறம் கேளுங்கள். பிளேயரில் டேப் உரசும் ஹெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைக்க வேண்டும், தின்னர் கூடவே கூடாது. கேசட்டுக்கு உள்ளே ஸ்பிரிங் பட்டையில் ஒரு துளி கம்பளித் துண்டு இருக்கும், அது உதிர்ந்திருந்தால் சத்தம் கம்மியாகத்தான் வரும். ஒட்ட வராவிட்டால், ஸ்க்ரூ போட்ட வேறு கேசட் கூட்டுக்கு டேப்பை மாற்றிவிடுங்கள். சத்தம் மந்தமாக இருந்தால் ஹெட் பக்கத்து ஸ்க்ரூவை ஒரு மயிரிழை திருப்பிப் பாருங்கள். கம்ப்யூட்டரில் ஏற்றும்போது வேவ் ஃபைலாக எடுங்கள், எம்பி3 எல்லாம் அப்புறம். நோய்ஸ் எடுக்கிற சாஃப்ட்வேரை முதல் நாளே போட்டுக் குரலைக் கொன்றுவிடாதீர்கள். சி-120, அதாவது இரண்டு மணி நேர கேசட் என்றால் டேப் மெல்லிசு, நிறுத்தி நிறுத்தி ஓட்டாதீர்கள்.

கடைசி வரிசை:

வசனம்தானே வேண்டும்? சுஜாதா நாடகங்கள் புத்தகமாகவே வந்திருக்கின்றன. வாங்கிப் பாருங்கள்.

நாடோடி72:

மணி சார், நன்றி. கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பத்து வருஷம் ஆகிறது. டேப் நன்றாகத்தான் இருக்கிறது, நான்தான் சிரித்துவிட்டேன்.

புத்தகமும் வைத்திருக்கிறேன். கேசட்டை ஓடவிட்டு வரிவரியாக விரல் வைத்துப் பார்த்தாயிற்று. அந்த இடத்தில் புத்தகத்தில் சிரிக்க ஒன்றுமே இல்லை.