கசெட் (பிராக்கெட்டைத் தாங்கும் முக்கோணத் தட்டு) கூட்டினால் ஸ்ட்ரெஸ் பாதிக்கும் கீழே போகிறது, நம்பலாமா? (ஃப்ரீகேட், கால்குலிக்ஸ் ஸ்கிரிப்ட்)

மணலி_மெஷ்:
வணக்கம். மணலியில் ஒரு ஃபேப்ரிகேஷன் ஷாப்பில் டிசைன் பார்க்கிறேன். பைப் சப்போர்ட் பிராக்கெட்தான் அதிகம். ஆர்டருக்கு ஆர்டர் நீளம், தட்டு கனம், கசெட் எண்ணிக்கை மட்டும் மாறும். ஒவ்வொன்றையும் கையால் செய்து மாளவில்லை என்று பைதானில் ஸ்கிரிப்ட் எழுதினேன். ஃப்ரீகேடில் (3டி மாடல் வரையும் சாஃப்ட்வேர்) அளவு மாறும், ஜிமெஷ் அந்த மாடலைச் சிறு துண்டுகளாக்கி மெஷ் போடும், கால்குலிக்ஸ் லோடுக்கு ஸ்ட்ரெஸ் எவ்வளவு என்று தீர்க்கும், கடைசியில் அதிகபட்ச வான் மீசஸ் ஸ்ட்ரெஸ் (எல்லாத் திசை ஸ்ட்ரெஸையும் ஒரே எண்ணாக்கியது) ஒரு அட்டவணையில் வந்து விழும்.

ஒரு கசெட் போட்டால் 118 எம்பிஏ (மெகாபாஸ்கல்). இரண்டு போட்டால் 52. குறையும், சரி, அதற்காக இவ்வளவா? பிடிமானத்தில் வரும் எதிர்விசையான ரியாக்‌ஷனைக் கூட்டிப் பார்த்தேன், கொடுத்த 12,000 நியூட்டன் அப்படியே வருகிறது. முதலாளி அதற்குள் 12 மிமீ தட்டை 10 ஆக்கலாமா என்கிறார். சரக்கு எண்ணூருக்குப் போகிறது, அந்த உப்புக் காற்றை நினைத்தால் எனக்குக் கை வரவில்லை.

கொருக்குப்பேட்டை_கேட்:
லோடு போடும் முகத்தை (மாடலின் ஒரு பக்கப் பரப்பு) எப்படிக் குறிப்பிடுகிறீர்கள்? 'ஃபேஸ்14' என்று நம்பரிலா?

மணலி_மெஷ்:
ஆமாம் அண்ணே. முதல் மாடலில் மவுஸால் தொட்டு எடுத்த நம்பர்தான்.

கொருக்குப்பேட்டை_கேட்:
அப்போ அங்கேதான் கோளாறு. கசெட் ஒன்று கூடினால் முகங்களின் வரிசையே மாறிவிடும், நேற்று மேல்தட்டாக இருந்த 14 இன்று கசெட்டின் சாய்ந்த விளிம்பாக இருக்கலாம், சாஃப்ட்வேர் வாயே திறக்காமல் அதில் லோடைப் போட்டுவிடும். 2024 நவம்பரில் வந்த ஃப்ரீகேட் 1.0 இதைக் கொஞ்சம் சரிசெய்தது, ஆனால் முழுக்க நம்பி ஆட்டோமேஷன் ஓட்ட வேண்டாம்.

நம்பரை விட்டுவிட்டு இடத்தைச் சொல்லித் தேடுங்கள். ஜிமெஷில் பவுண்டிங் பாக்ஸ் (ஆயத்தொலைவால் குறிக்கும் பெட்டி) கொடுத்து முகம் எடுக்கும் வசதி இருக்கிறது. பாக்ஸை எல்லாப் பக்கமும் 0.001 மிமீயாவது பெரிதாக வையுங்கள், முகத்தின் அளவுக்கே கச்சிதமாகக் கொடுத்தால் சில சமயம் ஒன்றும் சிக்காது. பைப் உட்காரும் பேட் ஒரே முகம்தானே, ஒன்றுக்குக் கூடவோ குறையவோ கிடைத்தால் ஸ்கிரிப்ட் அங்கேயே நிற்க வேண்டும். தப்பான விடை தருவதற்கு நின்று தொலைப்பதே மேல்.

பைதான்_தம்பி:
இதெல்லாம் இலவச சாஃப்ட்வேர் தொல்லை ப்ரோ, காசு கொடுத்து வாங்கினால் வராது.

கொருக்குப்பேட்டை_கேட்:
வரும் தம்பி. காசு கொடுத்து வாங்கும் அபாகஸ் ஸ்கிரிப்ட்டிலும் முகத்தை இன்டெக்ஸ் நம்பரில் பிடித்தால் இதே கதிதான். ஆயத்தொலைவு கொடுத்துப் பிடிக்க 'ஃபைண்ட்அட்' என்று அங்கே தனியாக வைத்திருப்பதே அதற்குத்தான்.

ராயபுரம்_ஸ்ட்ரக்ச்சர்:
ரியாக்‌ஷன் சரியாக வந்ததே என்று கேட்டாரே, அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. 12,000 நியூட்டனை எந்த முகத்தில் கீழ்நோக்கி வைத்தாலும் கூட்டுத்தொகை 12,000தான். இடம் மாறியதை அது காட்டாது, மொமென்ட்தான் (விசையைத் தூரத்தால் பெருக்கியது) காட்டும். பேடின் நடு, தூணிலிருந்து எவ்வளவு தூரம்? 300 மிமீ என்றால் 36 லட்சம் நியூட்டன்-மிமீ வர வேண்டும். டெட் (நான்முகித் துண்டு) மெஷில் நோடுகளுக்கு (துண்டுகள் சேரும் புள்ளிகள்) ரொட்டேஷன் கிடையாது, ஆகவே பிடித்துவைத்த ஒவ்வொரு நோடின் ரியாக்‌ஷன் விசையையும் அதன் ஆயத்தொலைவோடு பெருக்கிக் கூட்டுங்கள். கால்குலிக்ஸில் 'டோட்டல்ஸ்=ஒன்லி' என்று கொடுத்திருந்தால் கூட்டுத்தொகை மட்டும்தான் வரும், 'எஸ்' என்று மாற்றினால் நோடு வாரியாகவும் கிடைக்கும்.

மணலி_மெஷ்:
300தான் அண்ணே. இரண்டு கசெட் மாடலில் 18 லட்சத்துக்குப் பக்கம் வந்தது! படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் பிராக்கெட் ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டு நிற்கிறது, லோடு ஒரே கசெட்டின் சாய்வு விளிம்பில். பாக்ஸ் போட்டு எடுத்தபின் மொமென்ட் 36 லட்சம், ஸ்ட்ரெஸ் 97. தட்டு 12ஆகவே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

இன்னொன்று. மெஷை நெருக்கினால் இந்த 97ம் ஏறுகிறதே?

ராயபுரம்_ஸ்ட்ரக்ச்சர்:
கசெட் தட்டைத் தொடும் உள்மூலையில்தானே? வளைவு இல்லாத கூர்மூலை அது, மெஷ் நெருங்க நெருங்க ஏறிக்கொண்டேதான் போகும், நிற்காது. அதிகபட்ச ஸ்ட்ரெஸை மட்டும் அட்டவணைக்கு அனுப்பும் வரை இரண்டு மாடலை ஒப்பிடுவதில் அர்த்தமில்லை, 118க்கும் இது பொருந்தும். மூலையிலிருந்து ஒரு தட்டு கனம் தள்ளி, எல்லா மாடலிலும் அதே இடத்தில் எடுங்கள். மெஷை இரண்டு அளவில் ஓட்டி அந்த இடத்து மதிப்பு அசையாமல் இருக்கிறதா என்று ஸ்கிரிப்ட்டே பார்க்கட்டும். வெல்டை இதில் தேடாதீர்கள், அந்த இணைப்பில் வரும் விசையை எடுத்து இந்திய எஃகுக் கட்டுமானத் தரநிலை ஐஎஸ் 800:2007 படி தனியாகக் கணக்குப் போடுங்கள். எலிமென்ட் (மெஷ் துண்டு) நாலு நோடு சி3டி4 என்றால் பத்து நோடு சி3டி10க்கு மாறிவிடுங்கள், நாலு நோடு டெட் வளையும்போது ரொம்ப விறைப்பு.