புகுகளம்: ‘நிறுவல் கலை’க்கு மாற்றாக ஒரு சொல்

குழும நண்பர்களுக்கு வணக்கம். ஓர் இடத்தில் பொருள்களை அமைத்து அந்த இடத்தையே படைப்பாக்கும் ‘இன்ஸ்டலேஷன் ஆர்ட்’டுக்குத் தமிழில் என்ன பெயர் என்ற நம் பேச்சில் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> இன்ஸ்டலேஷன் ஆர்ட்டுக்கு ‘நிறுவல் கலை’ என்றே வைத்துக்கொள்ளலாமே. எழுதிப் பழகியாயிற்று.

ஐயா, பழகியது உண்மைதான். ஆனாலும் எனக்கு அந்தச் சொல்லில் மனம் ஒட்டவில்லை. எங்கள் கன்னியாகுமரியில் கடல் நடுவே 133 அடி வள்ளுவர் சிலையை 2000 ஜனவரி 1 அன்று திறந்தார்கள். அதை நிறுவினார்கள் என்றால் சரி, காலாகாலத்துக்கும் நிற்க வேண்டியது. நாம் பெயர் தேடும் படைப்போ பெரும்பாலும் கண்காட்சி முடிந்ததும் பிரித்துக் கட்டி வைக்கப்படுவது. அதைவிட முக்கியம், பார்க்க வந்தவர் அதற்குள் நடந்து போகிறார். அந்த நடை ‘நிறுவல்’ என்பதில் எங்கும் இல்லை.

இந்த வடிவம் நம் நாட்டில் ஏன் வேரூன்றியது என்று பார்த்தால் பெயருக்கும் வழி கிடைக்கும். 1966-ல் சென்னைக்கு அருகே சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கிய ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரின் தலைமுறை, நவீன ஓவியத்தில் இந்தியத் தன்மை எது என்று கேட்டது. அதற்குக் கித்தான் (கேன்வாஸ்) போதுமாக இருந்தது. பாபர் மசூதி இடிக்கப்பட்ட 1992 டிசம்பருக்குப் பிறகு கேள்வியே வேறு: இந்தியர் என்று யாரைச் சொல்கிறோம்? பம்பாய்க் கலவரத்தில் தெருவில் இறந்து கிடந்த ஒருவரின் பத்திரிகைப் படத்தை எடுத்து, அதன் பிரதிகள் மேல் ஆணிகளைப் பதித்து, தகர டிரங்குப் பெட்டிகளை அடுக்கி ஒரு வாயிலும் எழுப்பி, 1993-ல் கலைஞர் விவான் சுந்தரம் ‘மெமோரியல்’ (நினைவிடம்) என்ற படைப்பைச் செய்தார். பிழைப்புக்காக ஊர் விட்டு வருபவர் கையில் இருக்கும் அதே டிரங்குப் பெட்டி. சுவரில் மாட்டிய படமென்றால் தள்ளி நின்று பார்த்துவிட்டு நகர்ந்துவிடலாம். இங்கே வந்தவரும் அந்தச் சாவின் பக்கத்தில் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

ஓர் இடத்துக்குள் போய் நிற்பதே ஒருவரின் அடையாளத்தை மாற்றும் என்பது குமரி மாவட்டத்துக்காரர்களுக்குத் தெரிந்த விஷயம். அய்யா வைகுண்டர் வழியினரின் தலைமைப் பதியான சாமிதோப்பில் சிலை இல்லை. நிலைக்கண்ணாடியும் விளக்குகளும்தான். ஆண்கள் தலைப்பாகை கட்டிக்கொண்டு உள்ளே போகிறார்கள். மார்பை மறைக்கத் தோள்சீலை அணியும் உரிமைக்காகப் பெண்கள் அடிபட்டு, 1859-ல்தான் திருவிதாங்கூர் அரசிடமிருந்து ஆணை வந்த மண் இது. அதற்கு முன்பே, 1851-ல் மறைந்துவிட்ட வைகுண்டர் தம் மக்களைத் தலைப்பாகை கட்டச் சொன்னார். குனிந்தே நடக்க வைக்கப்பட்டவர் அந்தக் கண்ணாடி முன் நிமிர்ந்து நின்றபோது கண்டது தம்மையே. இது வழிபாடு, இதைக் கலைக்காட்சியோடு சேர்த்துக் கட்டுவது என் நோக்கமல்ல. உள்ளே புகுபவர் இல்லாமல் அந்த இடம் நிறைவடையாது என்பதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

ஆகவே என் பரிந்துரை ‘புகுகளம்’. ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை. புகுந்த, புகுகின்ற, புகும் களம் என்று மூன்று காலமும் அடங்கும். ‘புகுமுக வகுப்பு’ படித்த தலைமுறைக்கும், இணையத்தில் ‘புகுபதிகை’ (லாகின்) செய்யும் தலைமுறைக்கும் முன்பாதி அன்னியமில்லை. புகுகளக் கலை, புகுகளக் கலைஞர், புகுகளம் அமைத்தார் என்று தடையில்லாமல் வளரும். களம் என்றால் போர் நினைவு வருமே என்று ஒருவர் கேட்கலாம். நெற்களமும் ஆடுகளமும் நம்மிடம் உண்டே. குமரியிலும் கேரளத்திலும் வண்ணப்பொடியால் தரையில் எழுதும் களமும் இருக்கிறது. அதுவும் சடங்கு முடிந்ததும் அழிக்கப்படுவதுதான்.

போன மடலில் வந்த ‘குடில் கலை’ எனக்கு மிகவும் பிடித்தது. கிறிஸ்துமஸ் நேரத்தில் எங்கள் பக்கத்து இளைஞர்கள் ராத்திரி பகலாகக் குடில் கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் குடில் என்றதுமே பாலன் இயேசுவும் வைக்கோலும் கண்ணில் வந்துவிடும். கலவரத்தைப் பற்றிய ஒரு படைப்பை அந்தச் சொல் தாங்குமா?

இன்னொன்று. கலைஞர் சுபோத் குப்தா எவர்சில்வர் பாத்திரங்களைக் கொண்டு செய்பவற்றில் பலவற்றைச் சுற்றி வந்து பார்க்கலாம், உள்ளே போக இடமிருக்காது. அவற்றைச் சிற்பம் என்றே சொல்வோம். இப்போது எல்லாவற்றையும் நிறுவல் என்று எழுதிவிடுகிறார்கள், அந்தக் குழப்பமும் இதில் தீரும். கலைஞர் நளினி மலானி 1998-ல் தகரப் பெட்டிகளுக்குள் திரைகளை வைத்து, பார்வையாளர் நடுவே நடக்கும்படி செய்ததைக் ‘காணொளிப் புகுகளம்’ என்பேன்.

கொச்சி பினாலே என்ற கலைக் கண்காட்சியில் 2012 முதல் இத்தகைய படைப்புகளுக்குள் நடந்து வந்தவர்கள் குழுமத்தில் இருக்கிறீர்கள். நீங்கள் பார்த்த ஏதாவது ஒன்றைப் பற்றி இந்தச் சொல்லை வைத்து ஒரு பத்தி எழுதி அனுப்புங்கள். எங்கே இடறுகிறது என்று பார்த்துத் திருத்துவோம்.

அன்புடன்,
நாகர்கோவிலிலிருந்து