பூனைக்கு சுகர் 260 காட்டுது, இன்னும் டெஸ்ட் எடுக்கணுமா?

மீனு_அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். எங்க மீனுவுக்கு 11 வயசு, கருத்தடை பண்ணின பொண்ணு. கொஞ்ச நாளா தண்ணி ரொம்ப குடிக்கிறா, லிட்டர் ட்ரேல கட்டி கட்டியா நிறைய வருது, சாப்பாடு நல்லாவே சாப்பிடுறா ஆனா தடவுனா முதுகெலும்பு கையில தட்டுற அளவுக்கு இளைச்சுட்டா. க்ளினிக்ல ப்ளட் எடுத்தாங்க, சுகர் 260, கிட்னிக்கு பாக்குற கிரியாட்டினின் 1.5 (போன வருஷம் 1.0 இருந்துச்சு, ரெண்டுமே நார்மல்னுதான் ரிப்போர்ட்ல போட்டிருக்கு), கல்லீரலுக்கு பாக்குற ஏஎல்டி கொஞ்சம் ஜாஸ்தி. இப்ப டாக்டர் யூரின், ஃப்ரக்டோசமின், தைராய்டுக்கு டி4, கிட்னிக்கு எஸ்டிஎம்ஏ, பிபி எல்லாம் பாக்கணும்ங்கிறார். ஊசி போடுறப்ப அவ நடுங்கினத பாத்ததுல இருந்து திரும்ப கூட்டிட்டு போக மனசே வரல. அதான் சுகர்னு தெரிஞ்சுடுச்சே, நேரா இன்சுலின் ஆரம்பிச்சா என்ன?

ராக்கி_வீடு:
எங்க நாய்க்கு சுகர் வந்தப்ப ப்ளட்லயும் யூரின்லயும் தெளிவா தெரிஞ்சுது, உடனே இன்சுலின் ஆரம்பிச்சோம், இப்ப நல்லா இருக்கான். லேட் பண்ணாதீங்க சிஸ்டர், சீக்கிரம் ட்ரீட்மென்ட் ஆரம்பிங்க.

லேப்_கோட்டு:
நான் கால்நடை க்ளினிக் லேப்ல வேலை பாக்குறேன், தயவுசெஞ்சு இந்த ஒரு நம்பர வச்சு இன்சுலின் போட்டுடாதீங்க. நாய்க்கு பயத்துல சுகர் அவ்வளவா ஏறாது ஆனா பூனை அப்படி இல்ல, பயந்துட்டா சுகர் நோய் இல்லாத பூனைக்கே 300 வரைக்கும் கூட போகும், நீங்களே நடுங்கினான்னு சொல்றீங்க. சுகர் இல்லாத பூனைக்கு இன்சுலின் போட்டா சுகர் தாறுமாறா இறங்கி வலிப்பு வரும், உயிருக்கே ஆபத்து. ஃப்ரக்டோசமின் கேக்குறது இதுக்குத்தான், அந்த நிமிஷத்து சுகர் இல்ல, போன ஒண்ணு ரெண்டு வாரமா சராசரியா எப்படி இருந்துச்சுன்னு காட்டும், அன்னைக்கு பயந்ததால அது மாறாது.

அடுத்து தைராய்டு. வயசான பூனை, நல்லா சாப்பிட்டும் இளைக்குது, ஏஎல்டி வேற ஏறியிருக்கு, இதுக்கெல்லாம் டி4 பாக்காம விடவே கூடாது. தைராய்டு ஜாஸ்தியா இருந்தா ஃப்ரக்டோசமின் உண்மைய விட கம்மியா காட்டும், அதனால ரெண்டையும் சேத்துதான் படிக்கணும். கிட்னி விஷயமும் இதோட பின்னிக்கிடக்கு. கிரியாட்டினின் தசையில இருந்து வர்றது, இளைச்ச பூனைக்கு தசையே குறைஞ்சு போனதால கிட்னி கெட்டிருந்தாலும் நம்பர் அடக்கமா தெரியும், கிட்னி வேலை முக்கால்வாசி போன பிறகுதான் லிமிட்ட தாண்டும்னு சொல்லுவாங்க. 1.0ல இருந்து 1.5 ஆனத நார்மல்னு விட்டுட முடியாது, இருந்ததுல பாதி அளவு கூட ஏறியிருக்கு, உங்க டாக்டர் அத கவனிச்சிருக்கார்னு நினைக்கிறேன், எனக்கு அவர் மேல நல்ல மரியாதை வருது. எஸ்டிஎம்ஏ தசைய அவ்வளவா நம்பி இல்ல, சீக்கிரமும் ஏறும். பிபி ஏன்னா கிட்னி, தைராய்டு ரெண்டுலயும் பிரஷர் ஏறும், கவனிக்காம விட்டா திடீர்னு கண்ணு போயிடும்.

செல்லம்ஸ்:
அக்கா சொன்னது எல்லாம் சரி, எல்லாத்துலயும் யூரின்தான் முதல்ல, வீட்லயே பிடிக்கலாம் பாவம் அவளுக்கு ஒரு கஷ்டமும் இல்ல. ட்ரேய நல்லா கழுவி காய வச்சு, உறிஞ்சாத ப்ளாஸ்டிக் மணி மாதிரி லிட்டர் விக்குது அத கொஞ்சமா போடுங்க, போனதும் சிரிஞ்ச்ல உறிஞ்சி சுத்தமான டப்பாவுல போட்டு உடனே கொண்டு போங்க. லேட் ஆகும்னா ஃப்ரிட்ஜ்ல வச்சு எத்தனை மணிக்கு பிடிச்சதுன்னு எழுதி குடுங்க, குளிர்ல இல்லாத க்ரிஸ்டல் கூட உருவாகும். வீட்ல அமைதியா இருக்கும்போது போன யூரின்ல சுகர் இருந்தா அது பயத்தால வந்ததுன்னு சொல்ல முடியாது. யூரின் எவ்வளவு அடர்த்தின்னு காட்டுற ஸ்பெசிஃபிக் கிராவிட்டி 1.035க்கு கீழ இருந்தா கிட்னி தண்ணிய சரியா பிடிச்சு வைக்கலயோன்னு யோசிப்பாங்க, ஆனா சுகர், தைராய்டுலயும் அது குறையலாம். கிருமி இருக்கான்னு கல்ச்சர் வைக்கணும்னா மட்டும் ட்ரே யூரின் ஆகாது, அத டாக்டர் வயித்துல மெல்லிசு ஊசி போட்டு நேரா எடுப்பார்.

மீனு_அம்மா:
ரொம்ப நன்றி ரெண்டு பேருக்கும், யூரின் நாளைக்கே பிடிக்கிறேன். ஃப்ரக்டோசமினுக்கும் டி4க்கும் திரும்ப ஊசி போட்டே ஆகணுமா?

லேப்_கோட்டு:
அவசியம் இல்ல, முதல்ல க்ளினிக்குக்கு போன் பண்ணி அன்னைக்கு எடுத்த ப்ளட்ல இருந்து பிரிச்ச சீரம் மிச்சம் இருக்கான்னு கேளுங்க. ஃப்ரிட்ஜ்ல ஒழுங்கா வச்சிருந்தா சில நாள் வரைக்கும் அதுலயே இந்த டெஸ்ட்டெல்லாம் சேத்து போட முடியும், நிறைய பேருக்கு இது கேக்கலாம்னே தெரியாது. பிபிக்கு மட்டும் அவ போகணும். முன்னாடியே சொல்லி நாய் கூட்டம் இல்லாத நேரமா வாங்கிக்கோங்க, கூடைய அவ துணியால மூடி எடுத்துட்டு போங்க, ரூம்ல ஒரு அஞ்சு பத்து நிமிஷம் சும்மா விட்டுட்டு வேற எதுவும் பண்றதுக்கு முன்னாடி பிபி எடுக்கச் சொல்லுங்க, முதல் ரீடிங்க விட்டுட்டு அடுத்து வர்ற சிலத சராசரி எடுப்பாங்க. அப்பவும் ரொம்ப பயப்படுவான்னா கிளம்புறதுக்கு முன்ன குடுக்க, பயத்த குறைக்கிற கேபாபென்டின் மருந்து சரியா வருமான்னு டாக்டர கேளுங்க, கிட்னி சந்தேகம் இருக்குறதால டோஸ் அவர்தான் சொல்லணும், நீங்களா குடுக்காதீங்க. ரிசல்ட் வந்ததும் இங்க போடுங்க, பாக்குறேன்.