எடை குறைத்த அனுபவம்: தட்டில் குறைத்ததும் நடந்து பெற்றதும்

எடை குறைத்தவர்கள் தங்கள் அனுபவத்தை இங்கே எழுதலாம் என்று கேட்டிருந்ததால், முதலில் என்னுடையதைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாற்பதைத் தாண்டிய பெண் நான். ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை எல்லைக்கோட்டில் வந்து நின்றது. மருத்துவர் மாத்திரை எழுதவில்லை. "இப்போது இருக்கிற எடையில் நூற்றுக்கு ஏழு பங்கு குறையுங்கள். வாரத்துக்கு 150 நிமிடம் கொஞ்சம் வேகமாக நடங்கள். அப்புறம் பார்க்கலாம்" என்றார். இந்த ஏழும் நூற்றைம்பதும் எங்கிருந்து வந்தன என்று தேடிப் படித்தேன். சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 3,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்து அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடத்தி, 2002-இல் முடிவை வெளியிட்டிருக்கிறார்கள். உணவைக் குறைத்து, நடையும் பழகியவர்களுக்கு நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை எடுத்தவர்களுக்கு 31 சதவீதம். 75 கிலோ இருக்கிறவருக்கு ஏழு பங்கு என்பது ஐந்தேகால் கிலோதான். கல்யாணத்தின்போது இருந்த எடைக்கே திரும்ப வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை என்று தெரிந்ததும் எனக்குப் பாதி பாரம் இறங்கியது.

நடந்தாலே எடை இறங்கிவிடும் என்று நிறையப் பேர் நம்பி, இறங்காததும் மனம் விட்டுப்போய் நிறுத்திவிடுகிறார்கள். அவர்களுக்காகவே இந்தக் கணக்கு. 70 கிலோ உள்ள ஒருவர் ஒரு கிலோமீட்டர் நடந்தால் சுமார் 50 கலோரி செலவாகும். ஒரு கிலோ உடல் கொழுப்பில் இருப்பது சுமார் 7,700 கலோரி. நடையை மட்டும் நம்பினால் ஒரு கிலோவுக்கு 150 கிலோமீட்டர் நடக்க வேண்டியிருக்கும். இன்னொரு பக்கம் பாருங்கள், ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 120 கலோரி. எந்த எண்ணெயானாலும் இதேதான். விலை கூடினது, 'இதயத்துக்கு நல்லது' என்று எழுதியிருப்பது, எல்லாம் ஒரே கணக்கு.

எங்கள் வீட்டில் எண்ணெய் பாட்டிலை அப்படியே வாணலியில் சாய்ப்பதுதான் வழக்கம். ஒருநாள் கை போன போக்கில் வழக்கம்போல் சாய்த்தேன், ஆனால் வாணலியில் இல்லை, ஒரு கிண்ணத்தில். அப்புறம் அதைக் கரண்டியால் அளந்து திரும்பப் பாட்டிலில் ஊற்றினேன். ஐந்து மேசைக்கரண்டி வந்தது. ஒரு காய் வதக்குவதற்கு! அன்றே பாட்டில் பக்கத்தில் ஒரு கரண்டியை நிரந்தரமாக வைத்துவிட்டேன். இரண்டு கரண்டி ஊற்றி வதக்கி, தண்ணீர் தெளித்து மூடிபோட்டு வேகவைத்தேன். அடி பிடிக்காமல் இருக்க அடுப்பைக் குறைத்து வைக்க வேண்டும், ஐந்து நிமிடம் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான். சாப்பிட்டவர்கள் யாரும் எதுவும் கேட்கவில்லை.

கண்ணளவு எல்லோரையும் ஏமாற்றும். குறைவாகச் சாப்பிட்டும் எடை இறங்கவில்லை என்று சொன்ன சிலரை 1992-இல் வெளியான ஓர் ஆய்வில் துல்லியமாக அளந்து பார்த்தார்கள். தாங்கள் சொன்னதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு சாப்பிட்டிருந்தார்கள். அவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. நின்றுகொண்டே வாயில் போட்டது, பிள்ளைகள் மிச்சம் வைத்தது, ருசி பார்த்தது இதெல்லாம் சாப்பாட்டுக் கணக்கில் வருவதே இல்லை. சமைக்கிற பெண்களுக்கு இது நன்றாகப் புரியும்.

மற்றபடி என் தட்டில் பெரிய புரட்சி எதுவும் இல்லை. பாதித் தட்டு காய்கறி. கால் பங்கு பருப்போ முட்டையோ மீனோ. மிச்சத்தில்தான் மாவுச்சத்து. சர்க்கரை போட்ட பானங்களை அறவே விட்டேன். முதலில் காயும் புரதமும் உள்ளே போய்விட்டால் இரண்டாம் முறை போட்டுக்கொள்ளக் கை போகாது.

அப்படியென்றால் எதற்கு நடை என்று கேட்பீர்கள். எடை தட்டில்தான் குறைந்தது, ஆனால் என் சர்க்கரை இறங்கியதில் நடைக்குப் பெரிய பங்கு இருக்கிறது என்று நம்புகிறேன். தசை வேலை செய்யும்போது ரத்தத்தில் இருக்கிற குளுக்கோஸை அதுவே இழுத்துக்கொள்ளும். இன்சுலினை அவ்வளவாக எதிர்பார்க்காது. அதனால் சாப்பிட்டவுடன் பத்துப் பதினைந்து நிமிடம் நடப்பதை வழக்கமாக்கினேன். வீட்டில் வைத்திருக்கும் கருவியில் அளந்தால், நடந்த நாளுக்கும் உட்கார்ந்த நாளுக்கும் எனக்கு வித்தியாசம் நன்றாகவே தெரிந்தது. அதோடு, குறைத்த எடை திரும்ப ஏறாமல் காப்பதற்கும் நடை வேண்டும்.

நாளுக்குப் பத்தாயிரம் காலடி நடக்க முடியவில்லையே என்று யாரும் வருந்த வேண்டாம். அந்த எண் 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியது. வயதான பெண்களைப் பின்தொடர்ந்து 2019-இல் வந்த ஆய்வில், நாளுக்கு 4,400 அடி நடந்தவர்களுக்கே இறப்பு விகிதம் கணிசமாகக் குறைவாக இருந்தது. 7,500 வரை பலன் கூடிக்கொண்டே போய், அதற்கு மேல் அப்படியே நின்றுவிட்டது.

* * *

அக்கா, அந்தக் கிண்ணத்து எண்ணெயைப் படித்துவிட்டு எங்கள் வீட்டிலும் அளந்து பார்த்தோம். உங்களைவிட ஒரு கரண்டி கூடவே வந்தது.

நான் எழுத வந்தது எடை மெஷினைப் பற்றி. மாவுச்சத்தைக் குறைத்த முதல் வாரமே எடை மளமளவென்று இறங்கியது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அப்புறம் அப்படியே நின்றுவிட்டது. மூன்று வாரம் முள் அசையவே இல்லை. இந்த இடத்தில்தான் நிறையப் பேர் விட்டுவிடுவார்கள் என்பதால் விவரமாகச் சொல்கிறேன். ஈரலிலும் தசையிலும் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்துச் சேமிப்பு இருக்கிறது. அதன் ஒவ்வொரு கிராமோடும் சுமார் மூன்று கிராம் தண்ணீர் ஒட்டியிருக்கும். சாப்பாட்டைக் குறைத்தவுடன் முதலில் கரைவது அந்தச் சேமிப்பு. கூடவே தண்ணீரும் போகும். முதல் வாரம் போன எடையில் பெரும்பகுதி தண்ணீர்தான். அதற்குப் பிறகு கொழுப்பு மெதுவாகக் கரையும்போது, ஒருநாள் உப்பு கூடினாலோ, பயிற்சி செய்து தசை வலித்தாலோ உடம்பு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அப்போது கரைந்தது மெஷினில் தெரியாது.

அந்த மூன்று வாரமும் என்னைத் தாங்கியது தையல்காரர் நாடா. விலா எலும்பின் கீழ் ஓரத்துக்கும் இடுப்பெலும்பின் மேல் ஓரத்துக்கும் நடுவில் நாடாவைச் சுற்ற வேண்டும். வயிற்றை எக்காமல், இயல்பாக மூச்சை வெளியே விட்டு அளக்க வேண்டும். நாடா தோலில் பட வேண்டும், பதியக் கூடாது. எடை நின்றிருந்த அந்த நாட்களில் நாடா இரண்டு சென்டிமீட்டர் குறைந்து காட்டியது. பெல்ட்டில் அடுத்த ஓட்டைக்குப் போனேன். வயிற்றுச் சுற்றளவு நம் உயரத்தில் பாதிக்குள் இருந்தால் நல்லது என்பது சுலபமான அளவுகோல். உள்ளுறுப்புகளைச் சுற்றிச் சேரும் கொழுப்புதான் ஆபத்தானது, அதை எடை மெஷினைவிட நாடா நன்றாகச் சொல்லும்.

வயிற்றுக்கென்று தனியாக உடற்பயிற்சி செய்தால் வயிறு மட்டும் குறையுமா என்று கேட்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. குறையாது. தசை உறுதியாகும், நல்லதுதான். ஆனால் கொழுப்பு எங்கிருந்து முதலில் போக வேண்டும் என்பதை உடம்புதான் முடிவு செய்கிறது.

மூட்டு வலி இருக்கிறவர்களுக்கு எடை கொஞ்சம் குறைந்தாலே பலன் தெரியும். முழங்கால் தேய்மானம் உள்ளவர்களை வைத்துச் செய்த ஆய்வில், ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்காலில் விழும் சுமை நான்கு கிலோ குறைகிறது என்று கண்டார்கள். என் அம்மா நான்கு கிலோதான் குறைத்தார். மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து ஏறியவர், இப்போது மாறி மாறிக் கால் வைத்து ஏறுகிறார்.

* * *

தம்பி, அம்மாவைப் பற்றி எழுதியதைப் படித்து மகிழ்ந்தேன். அறுபதைக் கடந்தவன் என்ற முறையில் நானும் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. நடையோடு நிறுத்திவிடாதீர்கள். அம்மாவிடமும் சொல்லுங்கள்.

எடை குறையும்போது கொழுப்பு மட்டும் போவதில்லை, தசையும் சேர்ந்து போகும். இளம் வயதில் அது பெரிதாகத் தெரியாது. எங்கள் வயதில் தெரியும். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் நன்றாக நடந்து எடையைக் குறைத்தேன். பார்த்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். ஆனால் தரையில் உட்கார்ந்து பேரனோடு விளையாடிவிட்டு எழுந்தால், ஒரு கை கட்டில் காலைத் தேடியது. இயன்முறை மருத்துவர் ஒருவரிடம் போனேன். கையை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து எழச் சொன்னார். அரை நிமிடம் செய்வதற்குள் தொடை நடுங்கியது.

அவர் கொடுத்த பயிற்சிகளுக்கு எந்தக் கருவியும் தேவைப்படவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, படியின் விளிம்பில் நின்று குதிகாலை உயர்த்துவது, புத்தகம் நிரப்பிய பையைத் தூக்கி இறக்குவது. நாற்காலிப் பயிற்சியில் அவர் திரும்பத் திரும்பச் சொன்னது, எழுவதைவிட உட்காருவதை மெதுவாகச் செய்ய வேண்டும் என்பதுதான். தொப்பென்று விழக் கூடாது, மனதுக்குள் மூன்று எண்ணிக்கொண்டே இறங்க வேண்டும். தசைக்கு அங்கேதான் வேலை. சுலபமானதும் உயரம் குறைந்த நாற்காலிக்கு மாற வேண்டும், அப்புறம் பையை மார்போடு அணைத்துக்கொண்டு செய்ய வேண்டும். கடினத்தைக் கூட்டாமல் ஒரே அளவில் செய்துகொண்டிருந்தால் தசை அங்கேயே நின்றுவிடும். உலக சுகாதார நிறுவனமும் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டலில் நடை போன்றவற்றோடு, வாரத்தில் இரண்டு நாளாவது தசைப் பயிற்சி வேண்டும் என்கிறது. பயிற்சி செய்த மறுநாளும் அதற்கடுத்த நாளும் தசை வலிக்கும், பயப்பட வேண்டாம். மூட்டில் குத்துகிற மாதிரி வலித்தால் நிறுத்திவிட்டுக் காட்ட வேண்டும்.

ஒரு வேளைகூடப் புரதம் இல்லாமல் சாப்பிடாதீர்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் எவ்வளவு என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வயதாகிவிட்டது, இனிமேல் உடம்பு எரிக்காது என்று சலித்துக்கொள்ளவும் வேண்டாம். 2021-இல் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் ஆற்றல் செலவை அளந்து பார்த்த பெரிய ஆய்வில், உடலின் அளவைக் கணக்கில் எடுத்துக்கொண்டால் இருபதிலிருந்து அறுபது வயது வரை அது ஏறக்குறைய மாறவே இல்லை. குறைவது நம் ஓடியாடும் வேலைதான். இப்போது கட்டில் காலைப் பிடிக்காமல் எழுந்துவிடுகிறேன்.

* * *

ஐயா, நான் இரவு வேலை பார்க்கிறவன். சுருக்கமாகச் சொல்கிறேன். சாப்பாடு, நடை இரண்டையும் சரி செய்தும் எனக்கு ஒன்றும் நகரவில்லை. பகல் தூக்கத்தைச் சரி செய்ததும்தான் நகர்ந்தது. கறுப்புத் திரை போட்டு, கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிட்டுப் படுத்தேன். குறைவாகத் தூங்குகிறவர்களை ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகத் தூங்க வைத்தபோது, யாரும் சொல்லாமலே நாளுக்குச் சுமார் 270 கலோரி குறைவாகச் சாப்பிட்டார்கள் என்று 2022-இல் ஓர் ஆய்வு வந்தது. எனக்கும் அப்படித்தான் நடந்தது. விடியற்காலை மூன்று மணிக்கு எழும் அந்தப் பசி அடங்கியது. பொட்டலத் தின்பண்டத்துக்குப் பதிலாக வீட்டிலிருந்தே சாப்பாடு கொண்டுபோவதும் கை கொடுத்தது.

* * *

எல்லோரும் மெதுவாகக் குறைத்த கதையைச் சொன்னீர்கள். அவசரமாகக் குறைத்தால் என்ன ஆகும் என்பதை எங்கள் குடும்பத்தில் பார்த்ததால் எழுதுகிறேன். யாரையும் பயமுறுத்த அல்ல.

என் நாத்தனார் ஒரு விசேஷத்துக்காக மூன்று வேளையும் ஏதோ ஒரு பவுடரைக் கரைத்துக் குடித்தே எடையைக் குறைத்தார். வாரத்துக்கு இரண்டு கிலோவுக்கு மேல் போனது. முகம் வாடியது, தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. சில மாதம் கழித்து ஓர் இரவு வலது விலாவுக்குக் கீழே ஆரம்பித்த வலி முதுகுக்கும் தோளுக்கும் ஏறியது. பித்தப்பையில் கற்கள். வேகமாக எடை குறையும்போது ஈரல் பித்தநீரில் கொலஸ்ட்ரால் என்ற கொழுப்பை அதிகமாகக் கலக்கும். சாப்பாட்டில் கொழுப்பே இல்லாததால் பித்தப்பை சுருங்கி அதை வெளியேற்றவும் செய்யாது. தேங்கிய பித்தம் கல்லாகிவிடும். பித்தப்பையையே எடுக்க வேண்டியதாகிவிட்டது. குறைந்த எடையில் பாதிக்கு மேல் திரும்பவும் ஏறிவிட்டது. வாரத்துக்கு அரைக் கிலோ, கூடினால் ஒரு கிலோ என்பதற்கு மேல் யாராவது உறுதி கொடுத்தால் தயவுசெய்து நம்பாதீர்கள். அவரை அந்த வலியில் பார்த்தவள் சொல்கிறேன்.

முதல் பகிர்வு எழுதிய அக்காவைப் பார்த்து இன்றே ஆரம்பிக்க நினைப்பவர்களில் இன்சுலினோ, சர்க்கரை மாத்திரையோ எடுக்கிறவர்கள் இருப்பார்கள். அந்த அக்கா மருந்து எதுவும் எடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். பழைய அளவிலேயே இன்சுலின் போட்டுக்கொண்டு சாப்பாட்டைக் குறைத்து நடக்கவும் செய்தால், சர்க்கரை திடீரென்று தாழ்ந்துவிடும். கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளும் அப்படித்தான். வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், பேச்சு குழறும். ஆரம்பிப்பதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லி மருந்தின் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். நடக்கப் போகும்போது பையில் கொஞ்சம் குளுக்கோஸ் வைத்துக்கொள்ளுங்கள், கூட வருகிறவரிடமும் அது எதற்கு என்று சொல்லி வையுங்கள்.